மரை ஏறினால் போதுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் கொட்டகை. காலை ஷிப்ட் தொடங்கியிருக்கிறது. தீர்ந்துபோன ஆக்சிஜன் சிலிண்டரை மாற்றுகிறார் வெல்டர். ரெகுலேட்டரை மாட்டும் முன் வால்வைக் கொஞ்சம் திறந்து உடனே மூடுகிறார். புஸ்ஸென்ற சீறலில், வால்வின் வாயில் ஒட்டியிருந்த தூசி பறந்துவிடுகிறது. பிறகு கையில் கிரீஸ் இருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துக்கொள்கிறார். அழுத்தமேறிய ஆக்சிஜன் எண்ணெய்ப் பசையைத் தொட்டால் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். இந்த ரெகுலேட்டரைப் பக்கத்தில் நிற்கும் மெரூன் நிற அசிட்டிலின் சிலிண்டரில் அவர் தவறிக்கூட மாட்ட முடியாது. ஆக்சிஜனுக்கு வலது மரை, எரிவாயுவுக்கு இடது மரை. தப்பு நடக்காதபடி மரையே காவல் காக்கிறது.

அங்கிருந்து கிழக்கே போனால் கடல். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனோடு 2010-ல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையும் அங்கேதான் இருக்கிறது. கப்பலின் அடிப்பாகம், துறைமுகச் சுவர், கடல்நீரை உறிஞ்சும் குழாயின் வாய் என்று நீருக்கடியில் இருப்பவை எல்லாவற்றிலும் சிப்பியும் பாசியும் ஏறும். பார்க்கவும் சுரண்டவும் மனிதர் இறங்கத்தான் வேண்டும். முதுகில் சிலிண்டர் கட்டி இறங்குபவரின் உயிர், வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டரில் இருக்கிறது. ஆனால் வெல்டருக்குக் கிடைத்த காவல் அவருக்கு முழுதாகக் கிடைப்பதில்லை. வெவ்வேறு கம்பெனிகளின் பாகங்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். சேர்ந்ததெல்லாம் பொருத்தமா என்பதை மனிதர்தான் பார்க்க வேண்டும்.

ரெகுலேட்டர் என்ற இந்தக் கருவி பிறந்ததே கடலுக்காக அல்ல. பிரான்சைச் சேர்ந்த சுரங்கப் பொறியாளர் பெனுவா ரூக்கெரோல் 1860-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நச்சுக்காற்று சூழ்ந்த சுரங்கத்தில் மூச்சுவிட வழிசெய்வதே அவர் நோக்கம். 1864-ல் கடற்படை அதிகாரி ஒகுஸ்த் தெனெரூஸுடன் சேர்ந்து அதைக் கடலுக்கும் கொண்டுபோனார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, எரிவாயுவில் கார் ஓட்டுவதற்காக எமில் கான்யான் என்ற பொறியாளர் ஒரு வால்வு செய்திருந்தார். எஞ்சின் கேட்கும் அளவுக்கு மட்டும் வாயு தரும் வால்வு அது. எஞ்சின் இருந்த இடத்தில் மனித நுரையீரலை வைத்துப் பார்த்தவர் ழாக் கூஸ்தோ. 1943-ல் இருவரும் உருவாக்கிய கருவிதான், முதுகில் சிலிண்டர் கட்டி முக்குளிக்கும் இன்றைய ஸ்கூபாவின் தாய்.

ரெகுலேட்டரின் வேலை எளியது. சிலிண்டரில் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் இருக்கிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் 1 பார் கூடும். மேற்பரப்பில் உள்ள 1 பாரையும் சேர்த்து, 30 மீட்டரில் இருப்பவருக்கு 4 பார் அழுத்தத்தில் காற்று வேண்டும். சிலிண்டர் வாயில் உட்காரும் முதல் நிலை, 200 பாரைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி இறக்கி ஹோஸுக்குத் தருகிறது. வாயிலிருக்கும் இரண்டாம் நிலை அதை நீரின் அழுத்தத்துக்கே கொண்டுவருகிறது. அதற்குள் ஒரு மெல்லிய ரப்பர் டயஃப்ரம். மூச்சிழுத்ததும் அது உள்வாங்கி, ஒரு நெம்புகோலை அழுத்தி வால்வைத் திறக்கும். அதற்குத் தேவையான உறிஞ்சல், இளநீரைக் குழாயில் மூன்று சென்டிமீட்டர் ஏற்றும் அளவுதான்.

ரெகுலேட்டர் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலில் தேர்வு. குளிர்நாட்டு விளம்பரங்கள் உறைபனியைத் தாங்குமா என்று பேசும். நம் வங்கக் கடலில் பனி ஏது? இங்கே எதிரிகள் உப்பு, வெயில், சேறு. பழவேற்காடு முகத்துவாரம் பக்கம் கலங்கிய நீரில் வேலை செய்பவருக்கு, நீர் உள்ளே புகாமல் மூடப்பட்ட டயஃப்ரம் வகை முதல் நிலை நல்லது. பிஸ்டன் வகையில் பாகங்கள் குறைவு, காற்று தாராளமாக வரும். ஆனால் அதில் பலவற்றின் ஸ்பிரிங் அறைக்குள் கடல்நீர் வந்துபோகும். மணலும் உப்பும் அங்கேயே தங்கும். சிலிண்டர் தீரும் நேரத்திலும் மூச்சு கடினமாகாமல் இருக்க, ‘பேலன்ஸ்டு’ வகையாகப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உதிரிபாகமும் தெரிந்த கையும் கிட்டத்தில் கிடைக்கும் மாடலை வாங்குங்கள். சர்வீஸ் செய்ய ஆளில்லாத ரெகுலேட்டர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் ஆபத்தே.

அடுத்து கலப்பு. ஒரு கம்பெனியின் முதல் நிலையோடு இன்னொன்றின் இரண்டாம் நிலையைச் சேர்ப்பது பரவலாக நடக்கிறது. ஹோஸ் மரைகள் ஏறக்குறைய பொதுவானவை என்பதால் அது எளிது. ஆனால் இரண்டாம் நிலை எந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதோ, அதை முதல் நிலை தர வேண்டும். கூடினால் காற்று தானாகக் கசியும், குறைந்தால் மூச்சு இறுகும்.

இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. பெரும்பாலான இரண்டாம் நிலைகளில் காற்றின் அழுத்தம் வால்வைத் திறக்கப் பார்க்கும், ஸ்பிரிங் மூடிப் பிடிக்கும். முதல் நிலையில் வால்வு உட்கார்ந்து மூடும் சீட் தேய்ந்து ஹோஸில் அழுத்தம் ஏறினால், இந்த வால்வு தானாகத் திறந்து குமிழி கொட்டும். முக்குளிப்பவர் உடனே உஷாராகி மேலே வருவார். சில மாடல்களில் அமைப்பு தலைகீழ். அழுத்தம் ஏற ஏற வால்வு இன்னும் இறுக மூடும். அதனால் அந்தக் கம்பெனியின் முதல் நிலையில் உபரி அழுத்தத்தை வெளியேற்றத் தனி வால்வு வைத்திருப்பார்கள். அந்த இரண்டாம் நிலையை மட்டும் கழற்றி வேறு முதல் நிலையோடு மாட்டினால், மரை அழகாகச் சேரும். அழுத்தம் தப்பிக்க வழி மட்டும் இருக்காது. ஹோஸ்தான் வெடிக்கும்.

சிலிண்டர் கழுத்திலும் இந்த ஆபத்து உண்டு. 25 மில்லிமீட்டர் மெட்ரிக் மரை கொண்ட வால்வு, முக்கால் அங்குல மரை போட்ட சிலிண்டரில் ஏறிவிடும். அந்த முக்கால் அங்குல மரையின் விட்டமோ 26 மில்லிமீட்டருக்கும் மேல். சில சுற்றுகள் பிடித்ததுபோல் தோன்றும். 200 பார் காற்று நிரப்பும்போது அந்த வால்வின் அடியில் சுமார் ஒரு டன் விசை தள்ளும். பிடி விட்டால் வால்வு தோட்டாவாகப் பாயும். கழுத்தில் பொறித்திருக்கும் எழுத்தைப் படிக்காமல் வால்வு மாற்றக் கூடாது.

மூன்றாவது, மாற்றுதல். கழற்றிய முதல் நிலையைக் கையில் எடுத்து, காற்று நுழையும் துளையைப் பாருங்கள். பொடி உலோகத்தை அழுத்திச் செய்த பொத்தான் அளவு ஃபில்டர் தெரியும். அது பச்சை பூத்திருந்தால் கடல்நீர் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பாக இருந்தால் இரும்புச் சிலிண்டருக்குள் துரு. அந்த ஒரு பொத்தான் கருவியின் முழு வரலாற்றையும் சொல்லிவிடும். வருடம் ஒருமுறை அல்லது கம்பெனி சொன்ன கெடுவுக்குள் ஓ-ரிங், சீட், ஃபில்டர் ஆகியவற்றை மாற்ற வேண்டும். வெடிப்பு விட்ட ஹோஸை, அது தாங்கும் என்று நம்பி வைத்திருக்கக் கூடாது. தினமும் செய்ய வேண்டியது நல்ல தண்ணீரில் கழுவுவது. அதற்கு முன் முதல் நிலையின் தூசி மூடியைத் துடைத்து இறுக்க வேண்டும். அழுத்தம் இல்லாதபோது இரண்டாம் நிலையின் பொத்தானை நீருக்குள் அழுத்தினால் நீர் ஹோஸ் வழியாக உள்ளே ஏறிவிடும். காய வைப்பது நிழலில். வெயில் ரப்பரைத் தின்றுவிடும்.

தொழிற்சாலைக்கு ஒரு வார்த்தை. தொட்டியிலும் குழியிலும் விஷவாயு தாக்கி விழுந்தவரைக் காப்பாற்ற வெறும் முகக்கவசத்தோடு இறங்கி, இறங்கியவரும் சாகும் செய்தியை நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். அங்கே வேண்டியது தீயணைப்பு வீரர் முதுகில் சுமக்கும் சுவாசக் கருவி. அதுவும் ரூக்கெரோலின் வாரிசுதான். முகக்கவசத்துக்குள் வெளிக்காற்றைவிடச் சற்றுக் கூடுதல் அழுத்தம் இருக்கும்படி அது செய்யப்பட்டிருப்பதால், இடுக்கு விழுந்தாலும் காற்று வெளியே போகும், விஷம் உள்ளே வராது. ஸ்கூபாவில் அந்த வசதி இல்லை. ஸ்கூபாவை விஷக்குழிக்கும், அந்தக் கருவியைக் கடலுக்கும் மாற்றிப் பயன்படுத்துவது, மரை பார்க்காமல் வால்வு மாட்டுவதற்குச் சமம்.

நீரில் இறங்கும் முன் ஒரு சோதனையைத் தவறவிடாதீர்கள். வாயில் ரெகுலேட்டரைக் கடித்து, அழுத்தமானியைப் பார்த்தபடி நான்கு முறை ஆழமாக மூச்சிழுங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். மூச்சோடு முள்ளும் ஆடினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை, அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது. இறங்காதீர்கள். கொட்டகையில் அந்த வெல்டரும் ரெகுலேட்டரை மாட்டி முடித்ததும் பற்றவைப்பானைத் தொடும் முன் முள்ளைத்தான் பார்க்கிறார்.