ஒரே அண்டா, கோடி இலை

சாஃப்ட்வேர் சம்பளம் எப்படி இயங்குகிறது? ஒரு கல்யாணச் சமையற்கட்டில் நின்று பார்ப்போம்

"ஏசி ரூமில் உட்கார்ந்து தட்டுறதுக்கு இவ்வளவா?" சாஃப்ட்வேர் வேலைக்குப் போன பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் ஒரு பெரியப்பாவாவது இதைக் கேட்டிருப்பார். நியாயமான கேள்விதான். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் 2024 மே மாதக் கணக்குப்படி, அங்கே ஒரு சாஃப்ட்வேர் டெவலப்பரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 1,33,080 டாலர். எல்லாத் தொழில்களையும் சேர்த்துப் பார்த்தால் 49,500 டாலர். இரண்டரை மடங்குக்கு மேல். கொத்தனாரைவிட டெவலப்பர் அத்தனை மடங்கு வியர்வை சிந்துவதில்லை. மூளை வேலை என்று சொல்லியும் தப்பிக்க முடியாது. கணக்கு வாத்தியாருக்கும் மூளை வேலைதான்.

உழைப்பை எடை போட்டால் விடை கிடைக்காது. அந்த உழைப்பு எத்தனை இலைக்குப் போய்ச் சேருகிறது என்று எண்ண வேண்டும்.

இலைக்கணக்கு

சமையல் காண்ட்ராக்டர் இலைக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார். 500 இலைக்கு ஓர் அண்டா சாம்பார் என்றால் 1,000 இலைக்கு இரண்டு அண்டா. பருப்பு இரட்டிப்பு, விறகு இரட்டிப்பு, காய் நறுக்க இன்னும் நாலு பேர், பரிமாற இன்னும் எட்டுப் பேர். வரவு ஏற ஏறச் செலவும் கூடவே ஏறும். மாஸ்டரின் கைப்பக்குவம் எவ்வளவு உசத்தியானாலும், ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு மண்டபத்தில்தான் அவர் நிற்க முடியும். அவர் கூலியின் உச்சவரம்பும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இப்போது அதே அடுப்பில் வேறோர் அண்டாவை ஏற்றுவோம். ஒரு தடவை கொதித்துவிட்டால் எத்தனை பந்தி நடந்தாலும் இதில் சாம்பார் குறையாது. மணிமேகலையின் அமுதசுரபி மாதிரி. ஆனால் அமுதசுரபியிலும் முதல் பிச்சையை ஆதிரை இட வேண்டியிருந்தது; அதற்குப் பிறகுதான் அள்ள அள்ள வந்தது. சாஃப்ட்வேரிலும் அந்த முதல் பிடிதான் செலவு. முதல் பிரதியை உருவாக்க ஆட்கள் வருஷக்கணக்கில் உட்கார வேண்டும். இரண்டாவது பிரதிக்கும் இரண்டு கோடியாவது பிரதிக்கும் சர்வரும் மின்சாரமும்தான் செலவு. தலைக்குப் பிரித்தால் பெரும்பாலும் சில்லறைக் காசு.

2014 பிப்ரவரியில் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. அப்போது அதைப் பயன்படுத்தியவர்கள் 45 கோடி பேர். நடத்தியவர்கள் 55 பேர். ஆளுக்கு 80 லட்சம் இலைக்கு மேல்.

கல்லாப்பெட்டி

ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனியான மெட்டா 2024-இல் சுமார் 6,200 கோடி டாலர் நிகர லாபம் பார்த்தது. ஊழியர்கள் சுமார் 74,000 பேர். ஆளுக்கு 8 லட்சம் டாலருக்கு மேல். சில்லறைக் கடைகள் நடத்தும் வால்மார்ட் 2024 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் சுமார் 64,800 கோடி டாலருக்கு வியாபாரம் செய்தது. ஆனால் லாபம் சுமார் 1,550 கோடி, ஊழியர்கள் 21 லட்சம் பேர். ஆளுக்கு ஏறக்குறைய 7,400 டாலர்.

வால்மார்ட் முதலாளி கர்ணனாகவே இருந்தாலும் ஒவ்வோர் ஊழியருக்கும் 50,000 டாலர் கூட்டிக் கொடுக்க முடியாது; கல்லாவில் அவ்வளவு இல்லை. மெட்டாவில் இருக்கிறது. ஆனால் இருக்கிறது என்பதற்காக எந்த முதலாளியும் எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். கொடுக்க வைப்பது எது?

ஒரு கை உப்பு

முதல் காரணம் பயம். சாதாரண அண்டாவில் உப்பு கரித்தால் ஒரு பந்தி கெடும். எல்லா மண்டபத்துக்கும் ஒரே அண்டா என்றால், ஒரு கை உப்பு ஊரையே எழுப்பிவிடும்.

நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் இது நடந்தது. புதிய புரோகிராமை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினார்கள், எட்டாவது விட்டுப்போனது. பல வருஷமாகத் தொடாத 'பவர் பெக்' என்ற பழைய புரோகிராம் அதில் அப்படியே கிடந்தது. அதை எழுப்புவதற்கென்று முன்பு வைத்திருந்த அதே சுவிட்சைப் புதிய புரோகிராமுக்கும் வைத்திருந்தார்கள். 2012 ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும் ஏழு சர்வர்கள் புது வேலையைச் செய்தன. எட்டாவது, பழைய புரோகிராமை எழுப்பி, நிறுத்தத் தெரியாமல் ஆர்டர் மேல் ஆர்டராகத் தள்ளியது. 45 நிமிஷத்தில் நஷ்டம் 44 கோடி டாலருக்கு மேல். அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைக்கப்பட்டது. இப்படி ஒரு காலைப்பொழுதைத் தடுக்கக்கூடிய ஆளிடம் சம்பளத்தில் பேரம் பேச எந்த மேனேஜருக்கும் மனசு வராது.

பத்துப் பேர் கிண்டினால்

இரண்டாவது காரணம், ஆள் கூட்டி வேலையை முடிக்க முடியாது. காய் நறுக்கப் பத்துப் பேரை உட்கார வைக்கலாம். ஓர் அண்டாவைப் பத்துப் பேர் கிண்டினால் கரண்டிகள்தான் முட்டிக்கொள்ளும். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் வெளியான தன் புத்தகத்தில் இதை ஒரு விதியாகவே எழுதினார்: தாமதமாகிவிட்ட சாஃப்ட்வேர் வேலையில் புது ஆட்களைச் சேர்த்தால் மேலும் தாமதமாகும். புதியவருக்குக் கற்றுக்கொடுக்கப் பழையவரின் நேரம் போகும். ஆள் கூடக் கூடப் பேசித் தீர்க்க வேண்டியதும் கூடும்.

இங்கே ஓர் இடத்தில் சமையற்கட்டுக் கணக்கு உதைக்கும். கல்யாணம் முடிந்தால் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிடலாம். சாஃப்ட்வேர் அண்டா இறங்குவதே இல்லை. கொதிக்கும்போதே பருப்பு மாற்ற வேண்டும், ஓட்டை அடைக்க வேண்டும், சாப்பிடுகிறவர் கை நிற்கவும் கூடாது. எந்த மசாலா எதற்காகப் போட்டது என்பது பல சமயம் எழுதிவைத்த ஏட்டில் இருக்காது. போட்டவர் தலையில்தான் இருக்கும். அவர் நோட்டீஸ் பீரியடில் இறங்கினால் கவுன்ட்டர் ஆஃபர் பறப்பது அதனால்தான்.

மாஸ்டரை இழுக்கும் கைகள்

மூன்றாவது காரணம் போட்டி. சிலிக்கான் பள்ளத்தாக்கு இருக்கும் கலிஃபோர்னியாவில், வேலையை விட்டவர் போட்டிக் கம்பெனிக்குப் போகக் கூடாது என்று எழுதி வாங்கினாலும் செல்லாது. 1872-லிருந்தே அங்கே சட்டம் அப்படி. இன்று இந்தக் கட்டடம், நாளை எதிர்க் கட்டடம், ஒவ்வொரு தாவலிலும் சம்பளம் ஏறும்.

இது கம்பெனிகளை எவ்வளவு உறுத்தியது என்பதற்கு 2010-இல் சாட்சி கிடைத்தது. அடோபி, ஆப்பிள், கூகுள், இன்டெல், இன்ட்யூட், பிக்ஸார் ஆகிய ஆறும், ஒன்றின் ஆட்களை மற்றொன்று போன் போட்டு அழைப்பதில்லை என்று தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் மீது அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. இனி அப்படிச் செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டார்கள். பின்னர் ஊழியர்கள் தொடுத்த வழக்கில் அடோபி, ஆப்பிள், கூகுள், இன்டெல் நான்கும் 41.5 கோடி டாலர் கொடுக்க வேண்டிவந்தது. சம்பளத்தை ஏற்றியது திறமை மட்டும்தான் என்றால், போனை நிறுத்திப் பயனிருந்திருக்காது.

ஓஎம்ஆர் சமையற்கட்டு

அப்படியானால் சென்னை ஓஎம்ஆரில், சோழிங்கநல்லூரில் இரவு பத்து மணிக்கு கேப் ஏறுகிறவரும் அதே புரோகிராம்தானே எழுதுகிறார்? பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் ஃப்ரெஷர் பேக்கேஜ் பத்து வருஷத்துக்கு மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாயைச் சுற்றியே நிற்கிறதே, ஏன்?

அண்டா அவர் கம்பெனிக்குச் சொந்தமில்லை. அது ஏதோ ஓர் அமெரிக்க பேங்கினுடையது, லண்டன் இன்சூரன்ஸ்காரருடையது. சர்வீஸ் கம்பெனி விற்பது சாம்பாரை அல்ல, கிண்டும் கையை: ஒரு தலைக்கு ஒரு மணிக்கு இவ்வளவு என்று பில்லிங். 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் இப்படியொரு சர்வீஸ் கம்பெனியான டிசிஎஸ்ஸின் வருமானம் சுமார் 2,900 கோடி டாலர், ஊழியர்கள் சுமார் ஆறு லட்சம் பேர். ஆளுக்கு 48,000 டாலர் வருகிறது. அது லாபமல்ல, மொத்த வரவு. வியாபாரத்தைப் பெருக்க ஆளைப் பெருக்க வேண்டும். காண்ட்ராக்டரின் இலைக்கணக்கே இங்கே திரும்பிவிட்டது. போதாததற்கு, எடுபிடி வேலைக்குக் கல்லூரி வாசலில் வரிசை நீளம். அதே ஆள் மூன்று வருஷம் கழித்து புராடக்ட் கம்பெனிக்குத் தாவி இரண்டு மடங்கு வாங்கினால், அதற்குள் அவர் மூளை இரண்டு மடங்காகிவிடவில்லை. அவர் கரண்டி வேறோர் அண்டாவில் விழுந்திருக்கிறது.

இனி?

ஒரு நர்ஸ் ஒரு ஷிஃப்டில் கவனிக்கக்கூடிய படுக்கைகளுக்கு எல்லை உண்டு. அந்த எல்லைதான் அவர் சம்பளத்தை அமுக்குகிறது, வேலையின் அருமை அல்ல. டெவலப்பர் சம்பளமும் அருமைக்குக் கிடைத்த பட்டயம் அல்ல. காரணம் தளர்ந்தால் சம்பளமும் தளரும். 2022-இல் அமெரிக்காவில் வட்டி ஏறி, மலிவுப் பணம் வற்றத் தொடங்கியது. அந்த நவம்பரில் மெட்டா 11,000 பேரை அனுப்பியது. அடுத்த ஜனவரியில் கூகுள் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது.

ஏஐ கருவிகள் இப்போது காய் நறுக்குகின்றன, தாளிக்கவும் கற்றுக்கொள்கின்றன. இதனால் இலைகள் குறையப்போவதில்லை, கல்லாவும் சுருங்கப்போவதில்லை. ஆனால் சம்பளத்தை ஏற்றியது கல்லா மட்டுமல்ல. ஆள் கிடைக்காமல் போட்டி போட்டு இழுத்த கைகளும்தான். நறுக்கக் கற்று வேலைக்குச் சேரும் ஃப்ரெஷரை அந்தக் கைகள் முதலில் விடும். உப்பு எங்கே கூடும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவரை அவ்வளவு சீக்கிரம் விடாது.