நாக்கு என்னும் சீவாளி

'அரை', 'அறை' என்ற இரு சொற்களையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். வேறுபாடு கேட்கிறதா? அம்பத்தூரிலும் ஆவடியிலும் நம்மில் பெரும்பாலோர் இரண்டையும் ஒன்றுபோலவே ஒலிக்கிறோம். என் மாணவர்களின் ஆய்வகக் குறிப்பேடுகளில் 'இருட்டறை' அடிக்கடி 'இருட்டரை' ஆகிவிடுகிறது. சிவப்பு மையால் திருத்தும் நானும் பேச்சில் வேறுபடுத்துவதில்லை!

ஆவடி வழியே இரவில் செல்லும் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலையேறினால் தோடர்களின் மந்துகளைக் காணலாம். எருமை வளர்ப்புக்கும் பூத்தையலுக்கும் பெயர்பெற்ற இம்மக்களின் மொழி, தமிழைப் போலவே திராவிட மொழி. அதில் நாக்கு நுனி அதிரும் 'ர' ஒலிகள் இரண்டல்ல, மூன்று! முதலாவதில் நுனி மேற்பற்களை ஒட்டியும், இரண்டாவதில் பல்லீறுக்குப் பின்னுள்ள மேட்டிலும், மூன்றாவதில் பின்னோக்கி வளைந்தும் அதிர்கிறது. யகரச் சாயல் ஏறிய வடிவங்களையும் சேர்த்தால் ஆறு.

நாக்கு எப்படி அதிர்கிறது? நாம் தசையால் அதை ஆட்டுவதில்லை, காற்றுதான் ஆட்டுகிறது. நாகசுரத்தின் சீவாளியை நினைத்துக்கொள்ளுங்கள். நாக்கு நுனி வழியை அடைக்கும்போது பின்னால் காற்றழுத்தம் கூடி அதைத் தள்ளித் திறக்கிறது. குறுகிய இடைவெளியில் காற்று விரைந்து பாய்வதால், பெர்னூலி விதிப்படி அங்கே அழுத்தம் குறைகிறது. நாக்கின் மீள்தன்மையும் சேர்ந்து வழியை மீண்டும் மூடுகிறது. இவ்வாறு நொடிக்கு ஏறத்தாழ 25 முதல் 30 முறை!

நாக்கு படும் இடம் மாறினால் அதன் முன்னுள்ள காற்றறையின் அளவு மாறும், ஒத்ததிர்வும் மாறும். வளைநாவில் காற்றறை பெரியது. எனவே ஒலியும் சற்றுக் கனத்துக் கேட்கும்.

மொழியியல் அறிஞர் எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, தோடர் மொழியையும் ஆராய்ந்தார். அவர் திரட்டிய தோடர் பாடல்கள் 1971இல் நூலாயின. லடேஃபோகெட், பாஸ்கரராவ் முதலியோர் இந்த அதிரொலிகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து 1996இல் கட்டுரை வெளியிட்டனர்.

2011 கணக்கெடுப்பின்படி தோடர்கள் ஏறத்தாழ 2,000 பேரே. அம்மொழிக்கெனத் தொன்மையான எழுத்து இல்லை. நாம் பேச்சில் இழந்த றகரம் நம் எழுத்திலாவது நிற்கிறது. தோடர் மொழியின் மூன்று ஒலிகளும் வாழ்வது பேசுவோர் நாவில் மட்டுமே. ஒலிநாடா ஒலியைக் காக்கும்; ஆனால் அதை ஒலிக்கப் பழகும் குழந்தை இருந்தால்தான் மொழி வாழும்.

இனி வகுப்பில் உங்கள் நண்பன் ஊட்டியிலிருந்து வந்த தோடனாக இருந்தால், அவன் பேச்சைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அந்த மூன்று ஒலிகளையும் சொல்லிக்காட்டச் சொல்லுங்கள். நீங்களும் முயன்று பாருங்கள்!