இரண்டு எழுத்துப் பிழையும் பரம்பரைப் புற்றுநோயும்

தாம்பரத்தில் மின்சார ரயிலேறிக் கிண்டியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் சிறிது தூரம் சென்றால் அடையாறு புற்றுநோய் நிலையத்தை அடையலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கப்பட்ட மருத்துவமனை அது. இத்தகைய மருத்துவமனைக்கு வரும் ஒரு தாய்க்குத் தன் நோயைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கும். "என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது, எனக்கும் வந்துவிட்டது. என் மகளுக்கும் வருமா?"

இக்கேள்விக்கு நம் மக்களிடையே விடை தேடியவர்களுள் ஒருவர் டாக்டர் டி. ராஜ்குமார். அந்நிலையத்தின் மூலக்கூறு புற்றுநோயியல் துறைக்குத் தலைவராக இருந்தவர். அவரும் அவருடைய குழுவினரும் 2003இலும் 2009இலும் வெளியிட்ட கட்டுரைகளின் பயன் என்ன என்று பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். புற்றுநோய் தொற்றுநோய் அன்று. மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை பரம்பரையாக வருவனவும் அல்ல. 100க்கு 5 முதல் 10 வரைதான் பெற்றோர் வழிவந்த மரபணுக் குறையால் உண்டாகின்றன. அத்தகைய மரபணு ஒன்று 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்பதை 1990இல் அமெரிக்க அறிவியலார் மேரி கிளேர் கிங் காட்டினார். பி.ஆர்.சி.ஏ.1 என்னும் அம்மரபணு 1994இல் பிரித்தறியப்பட்டது. அடுத்த ஆண்டே பி.ஆர்.சி.ஏ.2 கிடைத்தது.

இவை நோயை உண்டாக்குவதற்காக அமைந்த மரபணுக்கள் அல்ல. டி.என்.ஏ. இழை அறுந்தால் அதைச் செப்பனிடுவதே இவற்றின் வேலை. செப்பனிடுபவன் இல்லாத வீட்டில் விரிசல்கள் பெருகுவது போல, இவை கெட்டுப்போன செல்லில் பிழைகள் பெருகுகின்றன; நாளடைவில் புற்றுநோய் தோன்றலாம்.

மரபணு எப்படிக் கெடுகிறது? அதன் செய்தி மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுகிறது. புள்ளி வைத்த எழுத்தையும் ஒன்றாக எண்ணி இதைப் படியுங்கள்:

அந்த எருது தினம் புல்லை மேயும்

இதில் 'எரு' என்னும் இரண்டு எழுத்துகளை நீக்கிவிட்டு, மீண்டும் மும்மூன்றாகப் பிரியுங்கள்:

அந்த துதின ம்புல் லைமேயு ம்

போனவை இரண்டே எழுத்துகள்; பொருளோ முழுவதும் போய்விட்டது அல்லவா? பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் காணப்படும் '185 டெல் ஏஜி' என்னும் பிறழ்வும் இத்தகையதே. ஏ, ஜி என்னும் இரண்டு எழுத்துகள் அங்கே விடுபட்டிருக்கின்றன. 1,863 அமினோ அமிலங்கள் கோக்கப்பட வேண்டிய புரதம், நாற்பதை எட்டுமுன்பே நின்றுவிடுகிறது.

இப்பிறழ்வு கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதர்களிடையே ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம் உண்டு. பெங்களூரு ஆய்வாளர்கள், மார்பகப் புற்றுநோயோ சூற்பைப் புற்றுநோயோ பரம்பரையாக வந்திருக்கலாம் எனக் கருதப்பட்ட 61 குடும்பங்களை ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். 17 குடும்பங்களில் பிறழ்வு காணப்பட்டது. அவற்றுள் 10இல் இருந்தது இதே 185 டெல் ஏஜி! யூதர்களிடமிருந்து இங்கு வந்ததா? அப்படிக் கொள்ள வேண்டியதில்லை. ஓர் இந்தியக் குடும்பத்தில் மரபணுவின் அக்கம்பக்கத்து அடையாளங்களை ஒப்பிட்டு 2007இல் வேறு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, அப்பிழை அங்கே தனியாகவே தோன்றியது என்று கூறியது. அச்சகங்கள் இரண்டில் ஒரே சொல்லில் ஒரே பிழை நேர்வதில்லையா? அதுபோலத்தான்.

மேனாட்டார் தயாரித்த பிறழ்வுப் பட்டியல் நமக்கு அப்படியே பொருந்தும் என்று இருந்துவிட முடியாது. நம் குடும்பங்களில் எது அடிக்கடி வருகிறது என்று தெரிந்தால், அதை முதலில் தேடலாம். காலமும் செலவும் மிச்சம். இத்தகைய கட்டுரைகளின் செல்வாக்கு இதில்தான் இருக்கிறது.

அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். பிறழ்வு உள்ளவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது செல்லும் வாய்ப்பு சரிபாதி. தந்தை வழியாகவும் வரலாம். இதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பி.ஆர்.சி.ஏ.1 பிறழ்வுள்ள பெண்கள் நூற்றுவரில் ஏறத்தாழ 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும். 40 பேருக்கு மேல் சூற்பைப் புற்றுநோய் வரக்கூடும். எனவே அவர்கள் இளவயதிலிருந்தே மருத்துவர் கண்காணிப்பில் இருப்பது நல்லது. தாயிடம் கண்ட பிறழ்வு மகளிடம் இல்லையென்றாலோ, அவளுக்குள்ள ஆபத்து மற்றப் பெண்களுக்கு உள்ள அளவே. ஆண்டுக்கணக்கில் சுமந்த அச்சத்தை ஒரு குழாய் இரத்தம் இறக்கி வைத்துவிடும்!

ஆனால் சோதனைக்கு முன்னும் பின்னும் மரபியல் ஆலோசனை வேண்டும். பிறழ்வு இருப்பது நோய் இருப்பதாகாது; அது சாபமும் அன்று. திருமணம் தடைப்படுமோ என்று அஞ்சிக் குடும்பத்தின் நோய் வரலாற்றை மறைப்பதே பெருங்கேடு.

வாசகர்களே, இன்று உங்கள் பாட்டியிடம் பேச்சுக் கொடுங்கள். தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் யாருக்கு எந்த வயதில் என்ன நோய் வந்தது என்று கேட்டு, ஒரு குடும்ப மரம் வரைந்து வையுங்கள். மருத்துவர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.