இளைத்த உடம்பைத் துரத்தும் பசி

‘வெயிட்டைக் குறைங்க, சுகர் தானா குறையும்’ என்ற அறிவுரை திட்டக்குடி, பெண்ணாடம் பக்கத்துச் சிற்றூர்களிலும் இன்று சாதாரணமாகக் காதில் விழுகிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கிய பிறகு வீட்டு வாசலிலேயே சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்கள். அறிவுரையில் பிழையில்லை. ஆனால் ராத்திரிச் சோற்றை நிறுத்தி, ஆறு மாதத்தில் எட்டு கிலோ இறக்கிய ஒருவர் அடுத்த தீபாவளிக்குள் பழைய எடைக்கே வந்துவிட்டால், ‘வாயைக் கட்டத் தெரியல’ என்று ஊர் தீர்ப்பு எழுதிவிடுகிறது. அவரும் அதை நம்பித் தலை குனிகிறார். கடந்த முப்பது ஆண்டு ஆராய்ச்சியைப் பார்த்தால் இது அநியாயமான தீர்ப்பு.

உடம்பிலுள்ள கொழுப்பு சும்மா கிடக்கும் சரக்கு அல்ல. அது லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது என்பதை 1994இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டுபிடித்தது. கொழுப்பு கரைந்தால் ரத்தத்தில் லெப்டின் குறையும். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் அதைக் கவனித்தபடி இரண்டு வகை நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒரு வகை பசியை அடக்கும். ஏஜிஆர்பி என்று பெயரிட்ட மற்றது பசியைக் கிளப்பும். லெப்டின் இறங்கியதும் முதலாவது அடங்கி, இரண்டாவது விழித்துக்கொள்கிறது. போதாததற்கு, 1999இல் ஜப்பானியர்கள் கண்டறிந்த கிரெலின் என்ற ஹார்மோன் வயிற்றிலிருந்து கூடுதலாகச் சுரந்து அதே செல்களை உசுப்புகிறது. பசி மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். செலவையும் மூளை சுருக்குகிறது. தைராய்டு ஹார்மோனின் வீரியமான வடிவம் குறைகிறது, இதயத்தையும் தசையையும் முடுக்கும் நரம்புகள் தணிகின்றன, முன்பு செய்த அதே வேலையைத் தசை குறைந்த எரிபொருளில் முடித்துவிடுகிறது. பத்து சதவீத எடை குறைத்தவர்களின் அன்றாடக் கலோரிச் செலவு, அவர்கள் உடலளவுக்கு எதிர்பார்த்ததைவிடவும் குறைந்திருந்ததை லைபல், ரோசன்பாம் ஆய்வுக் குழு 1995இல் காட்டியது. லெப்டினைச் சிறிதளவு ஊசியில் ஈடுகட்டியபோது அந்தச் செலவு பெருமளவு மீண்டது என்பது பின்னால் தெரிந்தது. தாது வருஷப் பஞ்சமும் டாக்டர் எழுதிக் கொடுத்த டயட் சீட்டும் ஹைப்போதலாமஸுக்கு ஒன்றுதான்.

இது சில வாரத்தில் ஓய்கிற கலவரம் அல்ல. மெல்பர்ன் ஆய்வாளர்கள் 50 பேரைப் பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து, சராசரியாகப் பதிமூன்றரை கிலோ குறைத்தார்கள். ஓராண்டு கழித்து, 2011இல் வெளியான முடிவுப்படி, லெப்டின் பழைய அளவை எட்டவில்லை, கிரெலின் தணியவில்லை, பசியும் குறையவில்லை. அதற்குள் ஐந்தரை கிலோ திரும்பியிருந்தது.

சோறு இல்லாவிட்டால் யாராக இருந்தாலும் இளைத்துத்தானே தீர வேண்டும் என்று கேட்கலாம். உண்மைதான், ஆற்றலின் கணக்கை எந்த ஹார்மோனும் மீற முடியாது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆண்களை ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 24 வாரம் அரைப்பட்டினி போட்டபோது கால்பங்கு எடை போயிற்று. கூடவே ஓய்வுநிலைக் கலோரிச் செலவு சுமார் 40 சதவீதம் சரிந்தது. உடல் சுருங்கியதை மட்டும் வைத்து அந்தச் சரிவை முழுதாக விளக்க முடியவில்லை. தடை நீங்கியதும் வயிறு நிறைந்த பிறகும் சாப்பிட்டார்கள், கொழுப்பு முன்பைவிட மிஞ்சியது. அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது: மூளை எடையை இப்படிக் காவல் காக்கிறதென்றால் ஊரெல்லாம் தொப்பை எப்படி வந்தது? காவல் ஒரு பக்கம் மட்டுமே பலமானது. குறைவதை எதிர்க்கும் அளவுக்குக் கூடுவதை அது எதிர்ப்பதில்லை. பருமனானவர் ரத்தத்தில் லெப்டின் ஏராளமாக இருந்தும் மூளை அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. 2025இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த வெகோவி போன்ற எடைக்குறைப்பு ஊசிகள் பசிப் பகுதியில் நேரடியாகத் தலையிடுவதால்தான் அவ்வளவு பலிக்கின்றன. ஆனால் அதே மருந்தின் ஒரு சோதனையில், நிறுத்திய ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது.

‘அப்படியானால் முயற்சி எதற்கு? இது சோம்பேறிக்குச் சாக்கு’ என்பார்கள். அதற்கு விடை சென்னையிலேயே கிடைத்திருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவின் இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, சர்க்கரையின் விளிம்பில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு ஆலோசனை தந்தார்கள்: உட்கார்ந்தே இருப்பவர்களைத் தினம் அரைமணி வேகமாக நடக்கச் சொன்னார்கள். உடலுழைப்பு உள்ளவர்களையும், தினம் அரைமணிக்கு மேல் நடப்பவர்கள், சைக்கிள் மிதிப்பவர்களையும் அதையே தொடரச் சொன்னார்கள். சர்க்கரை, மாவுப்பொருள், எண்ணெய் ஆகியவற்றைக் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டச் சொன்னார்கள். மூன்றாண்டில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. வாழ்க்கைமுறையை மாற்றியவர்களில் 39.3 சதவீதம். 2006இல் வெளியான இந்த முடிவில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அவர்கள் குறிப்பிடும்படி இளைக்கவே இல்லை. எடை இயந்திரத்தின் முள் நகராமலே நோய் தள்ளிப்போயிற்று. ஆக, எட்டு கிலோ திரும்பிய மனிதரிடம் கேட்க வேண்டியது இன்று எத்தனை கிலோ என்பதல்ல. நடையையும் தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்த காயையும் விட்டுவிட்டாரா என்பதுதான்.