34 நிமிடப் படம், ஒரு பக்க விமர்சனம்

படம் போட்டுக் காட்டி விமர்சனம் எழுதச் சொன்னால், வரும் தாள்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். ‘ஒரு ஊரில் ஒரு சிறுவன் இருந்தான்’ என்று தொடங்கி, முழுக் கதையையும் ஒப்பித்து, ‘மிகவும் அருமை, அனைவரும் பார்க்க வேண்டும்’ என்று முடியும். பிள்ளைகள் மேல் தப்பில்லை. பாடத்தைச் சுருக்கி எழுதித்தான் அவர்களுக்குப் பழக்கம். ஆனால் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் படங்கள் திரையிடப்படுகின்றன. கதைச் சுருக்கத்தைத் தாண்டி எழுதப் பழக இது நல்ல சமயம்.

பழகுவதற்கு ‘சிவப்பு பலூன்’ தோதான படம். பிரெஞ்சு இயக்குநர் ஆல்பர்ட் லாமொரீஸ் 1956இல் எடுத்தது. பாரிஸ் தெருவில் பாஸ்கல் என்கிற சிறுவன் விளக்குக் கம்பத்தில் சிக்கிய பலூனை அவிழ்க்கிறான். பலூன் அவன் பின்னாலேயே வரத் தொடங்குகிறது. பாஸ்கலாக நடித்தவர் இயக்குநரின் மகன். கதையும் தகவலும் இவ்வளவு போதும். முடிவைச் சொல்லவே கூடாது. பேச்சு மிகக் குறைவு என்பதால் வசனத்தை எழுதித் தப்பிக்கவும் வழியில்லை. கண்ணில் பட்டதைத்தான் எழுதியாக வேண்டும்.

படம் முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதற்கு முன்பே, மனதில் நின்ற ஒரு காட்சியை நான்கு வரியில் எழுதிவிட வேண்டும். பாஸ்கலின் வீட்டிலிருக்கும் பெண்மணி பலூனை வெளியே தள்ளிவிடுகிறார்; அது பறந்து போகாமல் ஜன்னலுக்கு வெளியே காத்திருக்கிறது. ‘எனக்கு அழுகை வந்தது’ என்று எழுதலாம், தவறில்லை. ஆனால் ஏன் வந்தது? முகமோ குரலோ இல்லாத ஒரு பொருள், நாய்க்குட்டி மாதிரி எப்படித் தெரிந்தது? சுவர், தெரு, பையனின் உடுப்பு எல்லாம் சாம்பல் நிறமாக இருக்க, பலூன் மட்டும் ஏன் அத்தனை சிவப்பு? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடத் தொடங்கினால் விமர்சனம் பிறந்துவிடும்.

பெரியவர்கள் செய்ததும் இதைத்தான். பையனும் பலூனும் ஒரே சட்டகத்துக்குள் தெரிவதை ஆந்த்ரே பசான் என்ற விமர்சகர் கவனித்தார். காட்சியை வெட்டி ஒட்டிப் பலூன் தொடர்வதாகக் காட்டியிருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம் என்பது அவர் கட்சி. பிற்பாடு இயக்குநராகப் பெயர் வாங்கிய த்ருஃபோவுக்கோ படம் பிடிக்கவேயில்லை. பலூனை மனிதரைப் போல நடந்துகொள்ள வைத்தது அவருக்குப் போலியாகப் பட்டது. இரண்டில் எது சரி என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டால் இன்னும் நல்லது, ஆளுக்கொரு காட்சியைச் சாட்சிக்கு இழுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

எழுதி முடித்தபின் ‘அருமை’, ‘சூப்பர்’, ‘மிகவும்’ மூன்றையும் அடித்துவிட்டு மிச்சத்தைப் படித்துப் பாருங்கள். மிச்சம் ஒன்றுமில்லை என்றால் படத்தை இன்னொரு தரம் போடலாம். 34 நிமிடம்தானே.