தாத்தா காரைத் தாழ்த்த ஒரு லட்சம் லோனா? திண்டுக்கல் தம்பியோட ஹெரால்டு கணக்கு

போன தீபாவளிக்கு முன்னாடி என் சித்தப்பா பையன் போன் பண்ணினான். வேடசந்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் அக்கவுண்ட்ஸ் வேலை, கைக்கு வர்றது 32,000. "அண்ணே, பர்சனல் லோன் ஒரு லட்சம் அப்ரூவ் ஆயிருச்சு. வண்டியை லோயர் பண்ணப் போறேன்"னான்.

வண்டின்னு அவன் சொன்னது தாத்தாவோட 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரிச்சது. நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது. "இது எப்படிடா ஸ்போர்ட்ஸ் கார்?"னு சிரிக்காதீங்க. இங்கிலாந்தில் 1962-ல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் இருக்கே, அது ஹெரால்டோட சேஸிஸைக் குட்டையாக்கிச் செஞ்ச கார்தான். ரெண்டையும் வரைஞ்சது ஒரே ஆள், இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. அதனால ஸ்பிட்ஃபயரைத் தாழ்த்த என்ன செய்வாங்களோ, அதில் பெரும்பாலானது ஹெரால்டுக்கும் பொருந்தும்.

முதல்ல லோனைப் பார்ப்போம். ஒரு லட்சம், 14% வட்டி, 24 மாசம். இ.எம்.ஐ. சுமார் 4,800. மொத்தமா கட்டுறது 1,15,000-க்கு மேல, பிராசசிங் ஃபீஸ் தனி. அவன் சம்பளத்தில் 15% ரெண்டு வருஷத்துக்குப் போகுது, அதுவும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிற ஒரு கிட்டுக்காக. அது வந்து சேரும்போது கஸ்டம்ஸ் டியூட்டி எவ்வளவுன்னு அவனுக்கே தெரியலை.

"சரி, காசே வேணாம். ஸ்பிரிங்கை ஒரு சுத்து வெட்டிட்டா முடிஞ்சுது"ன்னு அடுத்த ஐடியா. இதைத்தான் நிறைய பேர் செய்றாங்க, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். காயில் ஸ்பிரிங்கில் சுத்து குறைஞ்சா அது கடினமாகும். வேலை செய்யிற 8 சுத்தில் ஒண்ணை வெட்டினா சுமார் 14% கடினம். பழைய ஷாக் அப்சார்பர் அந்தத் துள்ளலை அடக்காது. கேஸ் கட்டரால் வெட்டினா இன்னும் மோசம், சூட்டில் எஃகோட டெம்பர் போயிரும். அப்புறம் அது நாளுக்கு நாள் உட்கார்ந்துகிட்டே இருக்கும். ஹெரால்டு முன்பக்கம் ஸ்பிரிங்குக்கு நடுவில்தான் ஷாக் அப்சார்பர் இருக்கு, மேலயும் கீழயும் தட்டு. வெட்டின முனை அந்தத் தட்டில் ஒழுங்கா உட்காராது. வீட்டு வாசல்ல ஜாக்கி வச்சு இதைக் கழட்டவும் கூடாது. கம்ப்ரெசர் இல்லாம அவிழ்த்தா ஸ்பிரிங் சீறிட்டு வரும், ஆஸ்பத்திரி செலவைக் கணக்கில் சேர்த்துக்கணும்.

பின்பக்கம் வேற கதை. அங்க குறுக்கா ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டை, டிஃபரன்ஷியல் மேல உட்கார்ந்திருக்கும். ரெண்டு சக்கரமும் தனித்தனியா ஊஞ்சல் மாதிரி ஆடுற அச்சு. வேகமா வளைவில் போகும்போது பின்பக்கம் தூக்கினா, சக்கரத்தோட அடிப்பக்கம் உள்ள மடங்கி வண்டி வாலைச் சுழட்டும். இந்த அச்சு நம்ம ஊர் ஓனர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கலை. அதனால 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெஸல்ல அதைத் தூக்கிட்டு சாதாரண நேர் அச்சு போட்டாங்க. இங்கிலாந்துக்காரங்க ஸ்பிட்ஃபயரின் நாலாவது மாடலில் பட்டையோட நடுவையே அசையிற மாதிரி மாத்தினாங்க.

இதில் சுவாரஸ்யம் என்னன்னா, இந்த மாதிரி பின்பக்கத்தை அளவாத் தாழ்த்தினா அழகுக்கு மட்டுமில்ல, பாதுகாப்புக்கும் நல்லது. சக்கரம் முதல்லயே மேல்பக்கம் உள்சாய்ஞ்சு நிக்கிறதால மடங்குறது குறையும். ஒரு இஞ்ச் தாழ்த்தினா சாய்வு சுமார் ரெண்டரை டிகிரி மாறும். அதுக்கு மேல போனா டயரோட உள்விளிம்பு வேகமா தேயும்.

சரி, எவ்வளவு தாழ்த்தலாம்? ஒரு ஸ்கேலை எடுத்துட்டுப் போனோம். சைலன்சர் குழாய்க்குக் கீழ 16.5 செ.மீ. நாலு பேர் ஏறினா 13. ஒரு இஞ்ச் தாழ்த்தினா 10.5, ரெண்டு இஞ்ச்னா 8. சாலை விதிப்படி ஸ்பீடு பிரேக்கர் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கணும். ஹெரால்டோட ரெண்டு அச்சுக்கும் நடுவில் 2.32 மீட்டர்தான், அப்படிப்பட்ட மேட்டில் மொத்த வண்டியும் ஏறி இறங்கிடும். ஆனா நம்ம தெருவில் பாதி மேடு யாரோ ஒரு லோடு ஜல்லி கொட்டிப் பூசினது, குட்டையா செங்குத்தா இருக்கும். அங்க 8 செ.மீ. வச்சுக்கிட்டு என்ன செய்ய? அவன் கேட்டது ரெண்டு இஞ்ச், ஸ்கேல் கொடுத்தது ஒண்ணு.

அளக்கும்போது இன்னொண்ணும் தெரிஞ்சுது. பின்னாடி வலது பக்கம் ஏற்கனவே ரெண்டு செ.மீ. கீழ உட்கார்ந்திருக்கு. அம்பத்தஞ்சு வருஷப் பட்டை, சோர்ந்து போச்சு. தாழ்த்துறதுக்கு முன்னாடி அதை நிமிர்த்தணும். நம்ம ஊர் லாரிக்குப் பட்டை அடிக்கிறவங்களுக்கு இது தினசரி வேலை. பட்டையைக் கழட்டி, வளைவைச் சரி பண்ணி, டெம்பர் ஏத்திக் கொடுத்தாங்க, 4,500. பட்டைக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவில் வைக்க ஒரு இஞ்ச் இரும்புக் கட்டையும் அதுக்கு ஏத்த நீள ஸ்டட்டும் லேத்தில் 2,500. முன்பக்கம் வெட்டவே இல்லை. அளவு கொடுத்து கோவையில் புது ஸ்பிரிங் ஜோடி சுத்தி வாங்கினது 6,000. புஷ் எல்லாம் 8,000, நாலு ஷாக் அப்சார்பர் சரி பண்ண 9,000, டயர் நாலு 13,000, வீல் அலைன்மென்ட் உள்பட சில்லறை 1,000. ஆக 44,000. இது அவனுக்கு ஆன செலவு, உங்க வண்டிக்கு மாறும்.

கவனிச்சீங்களா, இதில் "தாழ்த்துறதுக்கு"ன்னு போனது 8,500 மட்டும்தான். மிச்சம் எல்லாம் தாழ்த்தினாலும் தாழ்த்தாட்டியும் செய்ய வேண்டிய வேலை. கையில் இருந்தது 20,000. அதில் டயரும் பட்டையும் முதல்ல. அப்புறம் மாசம் 4,000 எடுத்து வச்சு ஆறு மாசத்தில் ஒவ்வொண்ணா முடிச்சான். இ.எம்.ஐ.க்குப் போயிருக்க வேண்டியதைவிட மாசம் 800 குறைவு, வட்டி இல்லை. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடலை.

பேப்பர் விஷயத்தையும் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதைக் கண்டிப்பாச் சொல்லியிருக்கு. அதே வருஷத் திருத்தப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில், இல்லை ரெண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லாம மாத்தினா கிளெய்ம் நிக்கிறது கஷ்டம். அதனால வேலை தொடங்குறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் கேட்டுட்டு, பதிலை எழுத்தில் வாங்கச் சொன்னேன். வெல்டிங் எதுவும் கூடாது, போல்ட்டில் கழட்டக்கூடியது மட்டும், பழைய ஸ்பிரிங் சாக்குல பத்திரமா இருக்கணும். ஆர்.சி. புதுப்பிக்க 20 வருஷம் தாண்டின காருக்கு 2025 ஆகஸ்ட்டிலிருந்து 10,000 ஆயிருச்சு. அதையும் மாசக் கணக்கில் சேர்த்துக்கங்க.

50 வருஷம் தாண்டின வண்டிக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவும் உண்டு. கட்டணம் 20,000. சேஸிஸ், பாடி, என்ஜின் மாறாம இருக்கணும், தினமும் ஓட்டவும் கூடாது. "அப்ப மில்லுக்கு எதுல போறது?"ன்னு கேட்டான். பஸ்ல போடான்னேன்.

போன ஞாயிறு சிறுமலை ஏறினோம், 18 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது ரெண்டு இடத்தில் மட்டும் குழாய் தட்டுச்சு, ரெண்டுமே அடிவாரம் தாண்டி ஊருக்குள்ள இருக்கிற மேடு. அந்த வீடியோ இந்த வாரம் சேனலில் வருது.