கம்பத்துப் பையனும் தோட்டத்துப் பிள்ளைகளும்

1974 பிப்ரவரியில் ‘ஏசியா மேகசின்’ இதழில் மலாய்ச் சிறுவர்களின் சுன்னத்துச் சடங்கைப் பற்றிய கார்ட்டூன்கள் வந்தன. பார்த்துச் சொக்கிப்போனார் ‘நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ தலைமை ஆசிரியர் லீ சியூ யீ. எப்படியாவது இந்த ஆளை நம் பத்திரிகைக்கு இழுத்துவிட வேண்டும் என்று துடித்தவருக்குக் கிடைத்த சேதி: ஆள் நாலு வருஷமாக நம் நிறுவனத்தில்தான் வேலை பார்க்கிறார். கார்ட்டூனிஸ்ட் வேலை கேட்டு வந்தவரை, அந்த இடம் காலி இல்லை என்று குற்றச்செய்தி நிருபராக உட்கார வைத்திருந்தார்கள்!

லாட் என்று நாடே அழைக்கும் முகமட் நோர் காலிட் அவர்தான். 1951-இல் பேராக், கோப்பெங் பக்கத்துக் கம்பம் ஒன்றில், அதாவது மலாய்க் கிராமத்தில், பிறந்தவர். 13 வயதில் அவர் வரைந்த ‘தீகா செக்காவான்’ என்ற படக்கதையைப் பினாங்குப் பதிப்பகம் ஒன்று புத்தகமாகவே போட்டது. 1968 முதல் ‘பெரித்தா மிங்கு’வில் ஒரு தொடர் வேறு. லீ கூப்பிட்டுக் கொடுத்த ‘மலேசிய வாழ்க்கைக் காட்சிகள்’ பகுதிதான் அவரை எல்லா இனத்தார் வீட்டுக்கும் கொண்டுபோனது. அரசியல்வாதி முதல் தீபாவளிக்குத் திறந்த வீட்டு விருந்துக்குக் கிளம்பும் அண்டை வீட்டுக் குடும்பம் வரை, அவர் பேனாவில் எல்லாருக்கும் வளைந்து நெளிந்த அதே மூக்குத்தான். கேலி பண்ணினார், ஆனால் ஆள் பார்த்துப் பண்ணவில்லை. பல இனம் வாழும் நாட்டில் இது லேசுப்பட்ட காரியமில்லை.

1979-இல் வந்தது ‘கம்போங் பாய்’. கறுப்பு மையில் பக்கம் நிறையப் படம், அடியில் கையெழுத்தில் ஓரிரு வரி. பிறந்த நாளில் தொடங்கி, குர்ஆன் வகுப்பு, ஆற்றுக் குளியல், வாழைத்தண்டின் மேல் உட்கார வைத்து நடக்கும் சுன்னத்து என்று போகும் கதை. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் ஓரிடத்தில் கட்டாயம் நிற்போம். ஈயம் தோண்டும் ஈயக்கப்பல் கொட்டிய மண்ணில் திருட்டுத்தனமாக ஈயம் அரித்துக் கொண்டுவந்து அப்பாவிடம் அடி வாங்குகிறான் பையன். பிறகு அப்பா அவனைக் கூட்டிப்போவது ரப்பர் மரங்களுக்கு. ஒழுங்காகப் படி, இதெல்லாம் உனக்குத்தான் என்கிறார்.

அதே பால்மரம். தோட்டத்து அப்பாவால் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க முடியுமா? விடியுமுன் பெரட்டு வரிசையில் நின்று, காண்டாக் கம்பில் பால் சுமந்து, அந்த மரங்களோடே ஆயுசைக் கழித்தவருக்கு ஒரு மரம் சொந்தமில்லை. குடியிருந்த லயமும் கம்பெனியுடையது. வெள்ளைக்காரன் விற்றுவிட்டுப் போகப் போக, தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அப்போது சுங்கை சிப்புட்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி ஆள் சேர்த்த அந்த ஓட்டத்தைப் படக்கதையாக வரைந்தால் எப்படி இருக்கும் என்று லாட் புத்தகத்தைப் புரட்டும்போதெல்லாம் தோன்றும்.

லாட்டின் கம்பமும் தப்பவில்லை. பையன் தேர்வில் தேறி ஈப்போ விடுதிப் பள்ளிக்குக் கிளம்பும் வேளையில், நிலத்தை ஈயக் கம்பெனி வாங்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அந்தக் காலத்து ஈயக்கப்பல் ஒன்று பத்து காஜாவுக்கு அருகே தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் நிற்கிறது, சுற்றுலாப் பயணிகளுக்காக.

பத்து காஜா என்றதும் இன்னொன்று. கெல்லி மாளிகைக்குப் பக்கத்து மாரியம்மன் கோவிலில், தெய்வங்களோடு தொப்பியும் சூட்டுமாகத் தோட்டத் துரை வில்லியம் கெல்லி ஸ்மித்தும் சிலையாக நிற்கிறார். கோவில் கட்ட உதவிய துரைக்கு நம்மவர்கள் செய்த நன்றிக்கடன் என்பார்கள். எனக்கென்னவோ அதில் ஒரு குறும்பும் தெரிகிறது. பேராக்கின் முதல் கேலிச்சித்திரம் அதுதானோ என்னவோ!

பலரும் கொண்டாடுவது ‘கம்போங் பாய்’. என் ஓட்டு 1981-இல் வந்த ‘டவுன் பாய்’க்கு. ஈப்போவில் காப்பிக்கடை வீட்டுச் சீனப் பையன் பிராங்கியோடு ஒட்டிக்கொண்டு, இசைத்தட்டுக்கு ஆடிப் பாடித் திரியும் மலாய்ப் பையனின் கதை. ஒற்றுமையைப் பற்றி ஒரு வரி போதனை கிடையாது. நிஜத்தில் லாட்டை ஊக்கப்படுத்திய ஈப்போ ஆசிரியை மொய்ரா ஹியூவையும் அவர் விடவில்லை. பட்டாம்பூச்சிக் கண்ணாடி போட்ட கண்டிப்பான டீச்சராக லாட்டின் கார்ட்டூன்களில் வந்து மிரட்டுகிறார்.

1994-இல் பேராக் சுல்தான் டத்தோ பட்டம் தந்தார். 2002-இல் ஜப்பானின் ஃபுகுவோகா பரிசு. ‘சிம்ப்சன்ஸ்’ படைத்த மேட் குரோனிங்கும் அவருடைய ரசிகர். கோலாலம்பூரில் பேர் வாங்கியவர் 1990-களின் கடைசியில் பேராக்குக்கே குடிவந்துவிட்டார்.

தோட்டத்து வாழ்க்கையை எழுதியவர்கள் நமக்கு உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்து அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார், நம் சீ. முத்துசாமி ‘மண்புழுக்கள்’ எழுதினார். வரைந்து காட்டியவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது. பால் மங்குகளைக் கம்பியில் எப்படி மாட்டினார்கள், கோட்டுக்கு எந்தச் சாய்வில் கத்தி இறங்கும், தண்டல் சைக்கிளை எங்கே சாத்துவார் என்பதை எழுத்தில் பத்தி பத்தியாக விளக்க வேண்டும். லாட்டைப் போல ஒருவருக்கு நாலு கோடு போதும். இதையெல்லாம் கண்ணால் கண்டவர்கள் ஈப்போ புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் இன்னும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் வயது எழுபதைத் தாண்டுகிறது. பேனா பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் இந்தப் பள்ளி விடுமுறையிலேயே அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம்.